இரண்டு நட்சத்திரம், ஒரு பட்டை: நான்கு வழிகளில் எது?

ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் வாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம் என்று நினைத்து, ராணுவத்தில் இருக்கும் ஒரு பெண்ணும் அவளைக் காதலிக்கும் பையனும் ஏரிக்கரையில் சந்தித்திருக்கிறார்கள். அந்த வாரம் சேலத்தில் பாதிப் பேர் மலைமேல்தான் இருப்பார்கள் என்பதை எப்படி மறந்தார்களோ! படகு டிக்கெட்டுக்கு வரிசையில் நின்ற என் மருமகள் கண்ணில் பட்டுவிட்டார்கள். மறுநாள் மாலை அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டுத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பதவி வித்தியாசத்தைத் தாண்டிக் கல்யாணம் செய்ய வழி கேட்க வந்திருந்தார்கள்.

பெண் மலைக்காரி, கிறிஸ்தவக் குடும்பம். அவள் அப்பா காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. எனக்கும் அவருக்கும் நெடுநாள் பழக்கம் என்பதால் நான் அவளுக்குப் பெரியப்பா. ராணுவ நர்சிங் பணியில் லெப்டினன்ட், அதாவது அதிகாரி, தோளில் இரண்டு நட்சத்திரம். பையன் ஓமலூர்ப் பக்கம். 2019-இல் சிப்பாயாகச் சேர்ந்தவன், இப்போது காலாட்படையில் லான்ஸ் நாயக், அதாவது சிப்பாய்க்கு ஒரு படி மேல், கையில் ஒற்றைப் பட்டை. பிளஸ் டூ படித்தபோது சேலத்தில் ஒரே டியூஷனுக்குப் போனவர்கள். காதல் முந்தியது, பட்டையும் நட்சத்திரமும் பிறகு வந்தவை. என்னைப் பார்த்ததும் பையன் "ஜெய் ஹிந்த் சாப்" என்று எழுந்து நின்றான். சுபேதாராக ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் அந்தச் சத்தம் கேட்டால் என் முதுகு தானாக நிமிர்கிறது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கியைத் தொட்டதைவிட டைப்ரைட்டரைத் தட்டியது அதிகம். இருபத்தெட்டு வருடம் எழுத்தர் வேலை. லீவு, தண்டனை, பதவி உயர்வு, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போயின. அதனால் என் யோசனையில் கோப்பு வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

முதலில் பையனிடம் ஒன்றுதான் கேட்டேன். "உன் லீவுப் பாரத்தில் இவள் கையெழுத்துப் போடுகிறாளா? இவளுடைய வார்டில் நீ டூட்டி பார்க்கிறாயா?" இல்லை என்றான். அவன் பட்டாலியன் ஒரு மூலையில், அவள் ஆஸ்பத்திரி இன்னொரு மூலையில். பாதிப் பாரம் இறங்கியது. பதவி வித்தியாசம் வேறு, கட்டளைச் சங்கிலி வேறு. கேப்டனும் மேஜரும் திருமணம் செய்துகொள்வது ராணுவத்தில் அதிசயமே இல்லை. அதே மேஜர் அந்தக் கேப்டனின் ஆண்டு ரகசிய அறிக்கையை எழுதுபவராக இருந்தால்தான் பேச்சு கிளம்பும். ஒருவேளை இந்தப் பையன் மருத்துவப் படையில் நர்சிங் உதவியாளனாக இவள் வார்டிலேயே இருந்திருந்தால், நான் வழிகளை ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க மாட்டேன். முதலில் ஒருவர் இடமாறுதல் வாங்குங்கள், பிறகு வாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். ராணுவ போலீஸ் படையில் பெண் சிப்பாய்களின் முதல் அணி, 83 பேர், 2021 மே மாதம் பெங்களூருவில் பயிற்சி முடித்து வெளிவந்தது. அப்படிப் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் பயிற்சி தரும் ஹவில்தார் (மூன்று பட்டைக்காரர்) காதல் பேசினால் அதற்கு நான் காதல் என்று பெயர் வைக்க மாட்டேன். 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்காது.

அமெரிக்க ராணுவத்தில் இதை நேராக எழுதியே வைத்திருக்கிறார்கள். அதிகாரியும் சிப்பாயும் காதலிக்கக் கூடாது. வெவ்வேறு யூனிட்டில் இருந்தாலும் கூடாது. ஒருவர் இடையில் அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்தால், பழைய உறவை ஒரு வருடத்துக்குள் திருமணமாக்க வேண்டும் அல்லது முறித்துக்கொள்ள வேண்டும். நம் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் காதல் என்ற சொல்லே கிடையாது. அதைப் படித்துவிட்டுப் பையன் நிம்மதியாக இருந்திருக்கிறான். அவனுக்கு இரண்டு பிரிவுகளைக் காட்டினேன். 45-ஆவது பிரிவு: அதிகாரியோ ஜே.சி.ஓ.வோ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) தன் நிலைக்குத் தகாத முறையில் நடந்துகொள்வது. அவளுடைய வேலை போவதற்கு அது போதும். 63-ஆவது பிரிவு: படையின் ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஊறு செய்யும் எந்தச் செயலும். அதிகபட்சம் ஏழு வருடச் சிறை. எந்தச் செயல் ஊறு என்று பட்டியல் போட்டு வைக்கவில்லை. மழைக் கோட்டு மாதிரி, யார் மேல் போட்டாலும் பொருந்தும்.

இனி அவர்கள் முன்னால் இருந்த வழிகள்.

இப்போது நடப்பது போலவே மறைத்து ஓட்டுவது முதல் வழி. இருவருக்கும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இன்றைக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு பழைய கதை சொன்னேன். வடகிழக்கில் நான் இருந்த ஒரு யூனிட்டில் ஒரு ஹவில்தாருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்சிங் அதிகாரிக்கும் பழக்கம். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை, இருவருமே திருமணமாகாதவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பஜாருக்கு என்று அவுட் பாஸ் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனான். திரும்பும் வழியில் மலைச்சரிவு, பாதை அடைபட்டு, இரவு முழுக்க வரவில்லை. மறுநாள் விசாரணை. அவர்கள் காதலித்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாஸில் எழுதிய இடம் ஒன்று, நீ இருந்த இடம் இன்னொன்று, ஏன்? அவ்வளவுதான் கேள்வி. அனுமதியின்றி வராமல் இருந்தது, பொய்த் தகவல் கொடுத்தது என்று குற்றப்பத்திரிகையை நான்தான் டைப் செய்தேன். அவன் பட்டைகள் போயின. அவளை எங்கோ மாற்றினார்கள். பிறகு அவர்கள் சேர்ந்தார்களா என்பது என் கோப்பில் வரவில்லை.

மறைப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான். காதலுக்காக யாரும் மாட்டுவதில்லை. அதைக் காப்பாற்றச் சொல்லும் சின்னச் சின்னப் பொய்களில் மாட்டுகிறார்கள். லீவுப் பாரத்தில் பெரியம்மா சாவு, ரயில் தாமதம், இன்னொருவன் பெயரில் சிம் கார்டு. இன்றைக்குப் போன் வேறு இருக்கிறது. 2020-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவத்தில் உத்தரவு வந்தது நினைவிருக்கலாம். ஃபீல்ட் ஏரியாவில் போனைச் சோதிப்பது வழக்கம். உளவுக்காரி வலை வீசியிருக்கிறாளா என்று தேடுபவர்கள் கண்ணில் இந்தப் பெண்ணின் செய்திகள் பட்டால், அவள் யார் என்பதை இவன் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒளித்துவைத்த பெயர் அங்கே காதலியின் பெயராகத் தெரியாது, சந்தேகத்துக்குரிய பெயராகத்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு, இதைப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். நாளைக்கு உங்களுக்குள் கசப்பு வந்து ஒருவர் புகார் கொடுத்தால், மேல்பதவியில் இருப்பவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "இங்கே மேல்பதவி நீதான் கண்ணு." அவள் அதை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. பெண் என்பதால் தன் பக்கம் நியாயம் கூடுதலாகப் பேசும் என்று நினைத்திருக்கிறாள்.

பிரிந்துவிடுவது இரண்டாவது வழி. இதைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. என் மனைவிதான் காப்பி வைக்க வந்தவள், "அதைச் செய்வதாக இருந்தால் இவ்வளவு தூரம் ஏன் வருகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஆனால் ஒன்று. ஒரே யூனிட், ஒருவர் கையில் மற்றவர் பிழைப்பு, இடமாறுதலுக்கும் வழியில்லை என்றால் இதுவே சரியான வழி.

மூன்றாவது வழியில்தான் பையனின் மனம் கிடந்தது. பதவியையே மாற்றிவிடுவது. அதில் இரண்டு கிளை. ஒன்று, அவன் அதிகாரியாவது. டேராடூனில் ராணுவ கேடட் கல்லூரி இருக்கிறது. பணியில் இருக்கும் சிப்பாய்களுக்கென்றே உள்ளது. வயது 20 முதல் 27-க்குள், இரண்டு வருடப் பணி, பிளஸ் டூ தேர்ச்சி. எழுத்துத் தேர்வு, அப்புறம் எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணல். தேறினால் மூன்று வருடம் கல்லூரி, பட்டமும் கிடைக்கும். அதன்பின் ஒரு வருடம் இந்திய ராணுவ அகாடமி. வெளியே வரும்போது லெப்டினன்ட். இவனுக்கு வயது இருபத்தைந்து முடிந்துவிட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் மூடிக்கொண்டு வருகிறது. நான் பார்த்த நல்ல அதிகாரிகளில் சிலர் இந்த வழியாக வந்தவர்கள்தான். சிப்பாயின் கால் கொப்புளம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கணக்குப் போடுங்கள். தேர்வு, நேர்காணல், பயிற்சி எல்லாம் சேர்ந்து ஐந்து வருடத்துக்குக் குறையாது. மலையில் அவள் வீட்டில் இப்போதே வரன் பார்க்கிறார்கள். சேலம் பக்கத்து மாதா கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஜாதகமில்லாத ஜாதகம் வருகிறதாம். எஸ்.எஸ்.பி.யில் திருப்பி அனுப்பப்படுபவர்கள்தான் எப்போதும் அதிகம். "நீ தேறாமல் போனால் இவளை விட்டுவிடுவாயா?" என்று கேட்டேன். இல்லை என்றான். "அப்படியானால் தேர்வைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போடாதே. தனியாக எழுது." தேறினாலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவன் இரண்டு நட்சத்திரத்தோடு வரும்போது அவளுக்கு மூன்றாவது ஏறியிருக்கக்கூடும். அப்போதும் அவன்தான் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும். அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை.

இன்னொரு கிளை, ஒருவர் வேலையை விடுவது. பெண் விட வேண்டும் என்று பையனின் அப்பா நினைக்கிறார் என்று தெரிந்தது. மூல ஊதியமும் ராணுவச் சேவை ஊதியமும் மட்டும் எடுத்துக்கொண்டால், தொடக்க நிலையில் அவனுக்கு 21,700-உம் 5,200-உம். அவளுக்கு 56,100-உம் 10,800-உம். 66,900 ரூபாயை விட்டுவிட்டு 26,900 ரூபாயில் குடும்பம் நடத்தச் சொல்லும் கணக்கு எந்த ஊர்க் கணக்கு? தவிரவும் அவள் அரசுச் செலவில் நர்சிங் படித்தவள், சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவள். பையன் விடலாமா? ஜவானுக்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 வருடம் முடிக்க வேண்டும். இவன் ஆறில் இருக்கிறான். பென்ஷனுக்கு முன்னால் தானே கேட்டு வெளியேறுபவன் சட்டப்படி முன்னாள் படைவீரனே ஆக மாட்டான். அந்தத் தகுதி போனால் அரசு வேலையில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடும் போயிற்று. ஊரில் 'மிலிட்டரிக்காரர்' என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் மிச்சம். இந்தக் கிளையை நான் சீண்டக்கூட வேண்டாம் என்றேன்.

நான்காவது, உள்ளதை உள்ளபடி யூனிட்டில் சொல்லிவிட்டு, பட்டையும் நட்சத்திரமும் இருக்கிறபடியே இருக்க, திருமணம் செய்துகொள்வது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இது சுலபமான வழி என்று சொன்னால் நான் பொய்யன்.

பெண்ணின் அம்மாவுக்கு ஒரு பயம்: நர்ஸ் கல்யாணம் செய்தால் ராணுவத்தில் வேலை போய்விடும். இது வெறும் கதை இல்லை. ஒரு காலத்தில் நடந்தது. 1977-இல் வந்த ஓர் ராணுவ உத்தரவில் அப்படி இடம் இருந்தது. 1988-இல் திருமணம் செய்துகொண்டதற்காக ஒரு லெப்டினன்டை வெளியேற்றினார்கள். உத்தரவை 1995-இல் திரும்பப் பெற்றார்கள். அந்த அதிகாரி விடாமல் வழக்காடி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. திருமணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை நீக்குவது தன்னிச்சையானது என்றது. அம்மாவிடம் இதைச் சொல் என்றேன். முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறதே என்றாள் பெண். அதையும் சேர்த்தே சொல் என்றேன்.

அடுத்தது லீவுக் கணக்கு. இவன் இந்து, இவள் கிறிஸ்தவர். மதம் மாறாமல் செய்வதென்றால் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவர் அதற்கு முந்தைய 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டி 30 நாள் கழிய வேண்டும். மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஜவானுக்கு ஆண்டு லீவு 60 நாள், கேஷுவல் 30 நாள். அவன் சேலத்துக்கு வந்து 30 நாள் இருந்து, நோட்டீஸ் கொடுத்து, இன்னும் 30 நாள் காத்திருந்தால் ஆண்டு லீவு மொத்தமும் பதிவாளர் அலுவலக வாசலிலேயே தீர்ந்துபோகும். அதைவிடப் பெண் வேலை பார்க்கும் ஊரிலேயே நோட்டீஸ் கொடுங்கள். அங்கே அவள் ஒரு வருடமாக வசிக்கிறாள். பையன் இரண்டு முறை கேஷுவல் லீவில் போய் வந்தால் முடிந்தது. ஆனால் சேலத்தில் நோட்டீஸ் பலகையை வாசிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் சில பேரிடமிருந்து தப்ப முடியாது; நோட்டீஸின் நகலைச் சொந்த மாவட்டத்துக்கும் அனுப்பி அங்கேயும் ஒட்டுவார்கள். ஆண்டு லீவைப் பத்திரமாக வைத்து, மலையில் ஒன்றும் ஓமலூரில் ஒன்றுமாக விருந்து வையுங்கள்.

திருமணத்துக்குப் பிறகு உள்ள வாழ்க்கைதான் நிஜமான சோதனை. அவளுக்கு அதிகாரிகள் வளாகத்தில் வீடு கிடைக்கும். வாசலில் நிற்கும் காவல்காரன் அவளுக்கு சல்யூட் அடித்துவிட்டு இவனிடம் அடையாள அட்டை கேட்பான். அதிகாரிகள் மெஸ்ஸில் ஒரு விருந்து என்றால் அவள் தனியாகத்தான் போவாள், அல்லது போகாமல் இருப்பாள். எல்லாப் பதவிக்காரர்களும் சேர்ந்து சாப்பிடும் படா கானாவில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்; அதுவும் இருவருடைய யூனிட்டும் ஒன்றாக இருந்தால். ஆஸ்பத்திரியில் படுத்தால் அவளுக்கு அதிகாரிகள் வார்டு, இவனுக்கு ஜவான்கள் வார்டு. ஜவான்களின் சாப்பாட்டுக்கூடமான லங்கரில் தட்டை நீட்டும்போது பின்னால் இருப்பவன் 'மேம் சாப் சமைக்கவில்லையா?' என்று கேட்பான். முதல் மாதம் எல்லோரும் சிரிப்பார்கள். ஆறாவது மாதமும் கேட்டால் அவனை இவன் அடித்துவிடக் கூடாது. அடித்தால் அது வேறு பிரிவு.

"இதைத் தாங்குவாயா?" என்று பையனிடம் கேட்டேன். நான் எதிர்பார்த்த வீராப்பு எதுவும் வரவில்லை. "சல்யூட் எனக்குப் பழக்கம்தான் சாப். என் அப்பா என்ன சொல்வார் என்பதுதான்" என்றான். ஓமலூரில் தறி ஓட்டும் மனிதர். மகன் மருமகளுக்கு சல்யூட் அடிக்கும் ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால் தறியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார் என்று பயப்படுகிறான். அது ராணுவச் சட்டத்தில் இல்லாத பிரிவு. அதற்கு என்னிடம் கோப்பு இல்லை. நானே ஒரு நாள் ஓமலூருக்கு வந்து பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சொல்லும் முறையும் முக்கியம். பையன் நேரே கமாண்டிங் அதிகாரியின் அறைக்குள் நுழையக் கூடாது. முதலில் கம்பெனியின் சீனியர் ஜே.சி.ஓ., பிறகு கம்பெனி கமாண்டர், சுபேதார் மேஜர் சாப், அப்புறம் சி.ஓ. இன்டர்வியூ. சுபேதார் மேஜரைத் தாண்டிப் போனால் நல்ல விஷயமும் கெட்டுப்போகும். அவர் நம் பக்கம் இருந்தால் பாதிக் கிண்டலை அவரே அடக்கிவிடுவார். பெண் தன் மேட்ரன் வழியாகப் போக வேண்டும். இருவரும் எழுத வேண்டியது அனுமதிக் கெஞ்சல் இல்லை, தகவல்: பள்ளிக் காலத்துப் பழக்கம், ஒருவர் மற்றவரின் கட்டளையில் இல்லை, இன்ன சட்டப்படி திருமணம் செய்ய விரும்புகிறோம். பள்ளிக் காலத்துப் பழக்கம் என்ற வரி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் 'ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஆரம்பித்ததா?' என்ற கேள்வி வரும். திருமணம் பதிவானதும் இவனுடைய யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு அறிவிப்பில் வெளியிட வேண்டும். அதன் பிறகுதான் ரிக்கார்டில் அவள் மனைவி. அது வரும்வரை ஊரெல்லாம் வாழ்த்தினாலும் ராணுவத்தைப் பொறுத்தவரை இவன் கல்யாணமாகாதவன்.

என் மேசையில் இருந்த ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவன் இந்தியில் எழுதினான். ஆறு வருடத்தில் கையெழுத்து நன்றாகப் படிந்திருக்கிறது. அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டையும் வாங்கிப் படித்தேன். அவன் தாளில் அடுத்த மாதத் தேதி, அவள் தாளில் அந்த வாரத் தேதி. ஒரு கடிதம் முந்திப் போனால் மற்ற யூனிட்டுக்குத் தொலைபேசியில்தான் விஷயம் தெரியும். அப்போது இவன் மறைத்தான் என்றாகிவிடும். இருவரையும் திருப்பி எழுதச் சொன்னேன், ஒரே தேதி போட்டு.